கிளட்ச் இல்லாத வண்டி

ஒன்பதாவது முறையாகச் சென்டர் ஸ்டாண்டு போட்டுவிட்டு நிவேதிதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அஞ்சலை சீட்டை ஒரு தட்டுத் தட்டி, "இன்னும் ஒரு தபா" என்றாள். நிவேதிதா ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். திருநெல்வேலியிலிருந்து வந்து ஆவடியில் ஒரு அடுக்குமாடியில் குடியிருக்கிறாள். நீல நிற ஸ்கூட்டர் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, சீட்டு உறையின் பளபளப்பு அப்படியே இருக்கிறது. "அக்கா, இன்னைக்காவது ஸ்டார்ட் பண்ணிப் பாப்போமா?" என்று கெஞ்சினாள். "அத்தோட வெயிட்டு இன்னான்னு மொதல்ல ஒன் இடுப்புக்குத் தெரியட்டும். வண்டிய ஒயுங்கா நிறுத்தத் தெரியாதவளுக்கு எதுக்கும்மா ஸ்டார்ட்டு?" என்றாள் அஞ்சலை. நிவேதிதா பத்தாவது முறை காலை வைத்து அமுக்கினாள்.

சேக்காட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் காலை ஆறரை முதல் எட்டரை வரை அஞ்சலையைப் பார்க்கலாம். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். போர்டு, விளம்பரம் எதுவும் கிடையாது. ஒருத்தி கற்றுக்கொண்டு போனால் அவள் மாடியில் இருக்கும் இன்னும் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். பெரும்பாலும் சொந்த வண்டியோடுதான் வருவார்கள். வண்டி இல்லாதவர்களுக்கு அஞ்சலையின் சாம்பல் நிற ஸ்கூட்டர். அதில் கீறல் விழாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "கீறல எண்ணாத, கண்ணு. ஒவ்வொண்ணும் ஒருத்திக்கு லைசென்சு" என்பாள்.

நாற்பத்தாறு வயது. மூக்கில் தடித்த கண்ணாடி, தூக்கிச் செருகிய சேலை, காலில் ஆண்கள் போடும் கான்வாஸ் ஷூ. வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவதில் ஆடுசதை இறுகிக் கல்லாகிவிட்டது. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவள் அதை ஊதி யாரும் பார்த்ததில்லை. அந்தக் குரலுக்கு விசில் எதற்கு? மைதானத்தின் மறுகோடியில் மேய்கிற மாடுகூட, "கண்ணு எங்க போவுதோ வண்டியும் அங்கதான் போவும், குயியப் பாக்காத!" என்ற சத்தத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மேயும்.

உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் ஸ்கூட்டர், பைக் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறாள். "பைக்கு ஆபீஸ் மாதிரிம்மா. ஆளு மட்டும் ஒக்காரலாம். ஒரு கட்டுக் கீரை வெக்க எடம் கெடையாது. ஸ்கூட்டரு ஊடு மாதிரி. முன்னாடி மூட்டை வெக்கலாம், சீட்டுக்குக் கீய பொட்டி, கால நீட்டிக்க தரை. கொயந்தகூட நின்னுகினு வரும்." மனிதர்களுக்கும் இதே கணக்குதான். யாருக்காவது இடம் விட்டு உட்காருகிறவர் ஸ்கூட்டர், தான் மட்டும் போய்ச் சேருகிறவர் பைக். ரேஷன் கடைக்காரர் பழைய வண்டி. காலையில் சோக் இழுக்காமல் எடுக்கமாட்டார், டீதான் அவருக்குச் சோக். பக்கத்து வீட்டு வசந்தகுமாரி இண்டிகேட்டர் போட்டுவிட்டு அணைக்க மறந்த வண்டி. ஊருக்குப் போகிறேன் போகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. தனக்கும் சலுகை இல்லை. "நான் திருகினா போவேன், உட்டா நிப்பேன். நடுவுல எனக்கு ஒண்ணும் கெடையாது."

கணவன் ஜெகதீசனைப் பற்றி முன்பெல்லாம் நிறையச் சொல்லுவாள். "அவரு கியரு வண்டி. கோவம் வந்தா நாலுலேர்ந்து நேரா ரெண்டுக்கு எறங்குவாரு, நாமதான் புடிச்சிக்கணும்" என்று சொல்லி, சொன்னதற்குத் தானே சிரிப்பாள். எட்டு மாதமாக அந்தப் பேச்சு இல்லை.

ஜெகதீசன் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுது பார்க்கிறவன். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எந்த அடுக்குமாடியில் எந்தத் தளத்தில் எந்த இயந்திரம் ஒழுகும் என்பது அத்துப்படி. இருபத்தாறு வருஷமும் பைக்தான். தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரு நாளைக்குப் பத்து வீடு. போன மழைக்காலத்தில் பாரிவாக்கத்தில் தண்ணீர் தேங்கிய பள்ளம் தெரியாமல் இறங்கி, வண்டி அவன் இடது காலின் மேல் விழுந்தது. கணுக்காலுக்குள் தகடு வைத்தார்கள். நடை வந்துவிட்டது. ஆனால் பாதம் மேலே மடங்கவில்லை. பைக்கில் கியர் மாற்ற அந்த மடக்கு வேண்டும். பைக்கைத் துணி போட்டு மூடி வீட்டோரம் நிறுத்தினார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஜெகதீசன் உட்கார்ந்துவிட்டான்.

தினம் பத்து வீட்டுக் கதவைத் தட்டிய மனிதன், சொந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. "ஸ்கூட்டர் எத்துக்கினு போயேன்யா. கியரும் இல்ல, காலுக்கு வேலையும் இல்ல" என்று அஞ்சலை ஒருமுறை சொன்னாள். "அது பொம்பள வண்டி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊரில் உள்ள பெண்களையெல்லாம் ஓட்ட வைத்தவளுக்கு, வீட்டில் ஒருவனை எழுப்பத் தெரியவில்லை. அவன் மறுபடி விழுந்துவிடுவானோ என்ற பயம் அவளுக்கு இல்லை. இப்படியே உட்கார்ந்து பழகிவிடுவானோ என்றுதான் பயம்.

பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தது. மேனேஜர் நல்ல மனிதர்தான். "ஜெகதீசா, ஒன் ஏரியாவ இத்தன மாசம் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன். அடுத்த மாசம் மொத திங்கக்கெழம வண்டியோட வந்துடு. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க, என் கையில இல்ல" என்றார். மூன்று வாரம் இருந்தது.

அன்று மாலை அஞ்சலை தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோது, ஜெகதீசன் அவளுடைய ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்திருந்தான். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றது, சாவி வீட்டுக்குள் இருந்தது. அவளைப் பார்த்ததும் சட்டென்று இறங்கி, "மிரரு லூசா கீது" என்றான். "ஆமா, நானும் பாத்தேன்" என்று அவளும் ஒத்துக்கொண்டாள். மிரர் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கே அவனை எழுப்பி, "இந்தாய்யா, வண்டி ஒரு பக்கமா இஸ்துகினு போவுது. கிரவுண்டுல ஒரு ரவுண்டு உட்டுப் பாத்துச் சொல்லேன்" என்றாள். மாணவிகள் வர ஒரு மணி நேரம் இருந்தது. அவனும் ஒன்றும் தெரியாதவன்போலப் புறப்பட்டான்.

இருபதடி ஓட்டியிருப்பான். ஒரு நாய் குறுக்கே வந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? கிளட்ச் என்று நினைத்து இடது கை முழுசாக அமுக்கியது. ஸ்கூட்டரில் அந்த இடத்தில் இருப்பது பின்பிரேக். வலது கால் வழக்கமான பிரேக்கைத் தேடி வெறும் தரையை மிதித்தது. பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய், வண்டி சரிந்தது. கால் ஊன்றித் தப்பித்தான், ஊன்றியது நொந்த கால். பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கு வராது, உட்டுடு" என்றான். அஞ்சலை வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "நாய்க்குத்தான் ஓட்டத் தெரியல" என்றாள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாளும் வந்தான்.

மறுநாளும் அதேதான் நடந்தது, அதற்கு மறுநாளும். நேராக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. திடீரென்று எதுவாவது வந்தால் இடது கை கிளட்ச் பிடித்துவிடும். அவளிடம் இதுவரை வந்தவர்கள் எல்லாரும் எதையும் ஓட்டாதவர்கள். வெறும் கையோடு வருவார்கள், சொன்னதைக் கை கேட்கும். இவன் கைக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தது. "தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுத்துடலாம், கண்ணு. தெரிஞ்சவங்க கைய மறக்கச் சொல்றதுதான் பேஜாரா கீது" என்று நிவேதிதாவிடம் புலம்பினாள். யாரைச் சொல்கிறாள் என்று மட்டும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அவனை ஓட்டச் சொல்லாமல், பத்து முறை ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொன்னாள். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைகளையே பார்த்தாள். ஆறாவது முறை பிடிபட்டது. ஸ்கூட்டரில் பிரேக்கை அமுக்கினால்தான் ஸ்டார்ட் ஆகும். எல்லாரும் அதற்கு இடது பிரேக்கைத்தான் பிடிப்பார்கள், அவளும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பாள். பைக் ஓட்டுகிறவன் ஸ்டார்ட் செய்யும்போது இடது கையில் பிடிப்பது கிளட்ச். ஆகவே வண்டி உயிர் பெறும் முதல் நொடியிலேயே, 'பழைய வண்டிதான், பழைய வேலைதான்' என்று அவன் கை நம்பிவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன சொன்னாலும் ஏறுமா?

"எடது கைய முட்டி மேல வெய்யி" என்றாள். "ரைட்டு பிரேக்கப் புடி. அதே கை கட்டவெரலால பட்டன அமுக்கு."

"இன்னாடி இது, புது ரூலு?"

"இன்னிலேர்ந்து இதான் ரூலு. எடது கைக்கு ஸ்டார்ட்டுல வேல இல்ல. வண்டி எடுத்தப்பறம்தான் அது வரணும், வந்தா பிரேக்காத்தான் வரணும்."

வலது பிரேக்கைப் பிடித்துப் பட்டனை அமுக்கினான். வண்டி எடுத்தது. இடது கையை முட்டியிலிருந்து தூக்கி, புது மாப்பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கிக் கைப்பிடியில் வைத்தான். தப்பு உடனே போய்விடவில்லை. அந்த வாரம் முழுக்க நான்கு முறை, அடுத்த வாரம் ஒரே முறை. அஞ்சலை பழைய டயர் ஒன்றை வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அவன் குறுக்கே உருட்டிவிடுவாள். டயருக்கு முன்னால் வண்டி அலுங்காமல் நின்ற காலையில் அவள் வீட்டுக்குப் போய் முட்டை தோசை சுட்டாள். அவன் மூன்று சாப்பிட்டுவிட்டு, நாலாவதற்குத் தட்டை நீட்டினான். எட்டு மாதத்தில் அவன் இன்னொன்று கேட்டது அன்றுதான்.

மேனேஜர் சொன்ன திங்கட்கிழமை வந்தது. அஞ்சலை வழக்கம்போல ஸ்கூட்டரை மைதானத்துக்கு எடுத்து வந்துவிட்டாள். ஏழரை மணிக்கு ஜெகதீசன் கம்பெனிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டும் பையுமாக நடந்து வந்தான். மைதானத்தில் நான்கைந்து பெண்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நிவேதிதா இப்போது தனியாக வட்டமடிக்கிறாள். இத்தனை பேர் பார்க்க அவன் ஸ்கூட்டரில் உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. பையைத் தோளில் மாட்டப் போனவன், ஒரு நொடி யோசித்துக் காலடியில் வைத்துக்கொண்டான். "ஆல் தி பெஸ்ட், அண்ணே!" என்று நிவேதிதா கத்திக்கொண்டே போனாள். அவன் காது சிவந்துவிட்டது.

அஞ்சலைக்குச் சொல்ல நூறு இருந்தது. மைதானத்துக் கேட்டுக்கு வெளியே மெயின் ரோடு, தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, இந்த நேரத்தில் ஸ்கூல் வேன். வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெகதீசன் முந்திக்கொண்டான்.

"அஞ்சல. நீ பாத்துகினு இருந்தா எனக்குக் கை ஆடுது. ரோட்டாண்ட போறப்ப பாக்காத."

"சரி."

"நெசமாத்தான் சொல்றேன்."

"பாக்கலய்யா. போ."

வலது பிரேக்கைப் பிடித்து ஸ்டார்ட் செய்தான். இடது கை முட்டியிலிருந்து எழுந்து கைப்பிடிக்கு வந்தது. வண்டி மெதுவாக நகர்ந்து கேட்டை நெருங்கியது. வெளியே ஏதோ பெரிய வண்டி நீளமாக ஹாரன் அடித்தது.

கேட்டுக்கு முதுகு காட்ட அவள் உடம்பு ஒப்பவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். அது இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் அவளுக்கு எல்லாம் ஒரே புகைதான். கண்ணாடியை மடக்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவன் போன திசையையே பார்த்தபடி நின்றாள்.