அடுப்பை அணைத்த தந்தி

பிள்ளைகளா, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வினைச்சொற்களை மூன்று மூன்றாக ஒப்பிக்கச் சொல்கிறார்கள் என்று சலித்துக்கொண்டீர்கள். நடந்து முடிந்ததைச் சொல்கிற அந்தச் சொற்களில் எனக்கு ஏழெட்டுக்கு மேல் தெரியாது. தெரிந்ததை உறுதியாகத் தெரியும். அதுவே ஒருநாள் போதுமானதாக இருந்தது.

நான் மூன்றாம் பாரத்தோடு, அதாவது எட்டாவதோடு, நின்றவன். மீதி இங்கிலீஷ் அரியலூர் ஸ்டேஷனில் கிடைத்தது. கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் போவேன். கூட்ஸ் ஷெட் கதவில் 'க்ளோஸ்டு' பலகை தொங்கினால் மூடியாயிற்று, மாட்டை அவிழ்த்துவிடலாம். கிளார்க் 'ஸ்டார்ட்டடு' என்றால் ரயில் முந்தின ஸ்டேஷனிலிருந்து புறப்பட்டாயிற்று. 'டிஸ்சார்ஜ்டு' மட்டும் திருச்சி ஆஸ்பத்திரியில் கற்றது. கால் எலும்பு கூடியதும் என் சீட்டில் அதை எழுதி, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

உலகச் சண்டை முடிந்த சமயம். உங்கள் அத்தையின் புருஷன் பட்டாளத்தில் இருந்தார். அத்தை நம் வீட்டில் இருந்தாள். ஒரு பகலில் ஜெயங்கொண்டத்திலிருந்து ஆள் தந்தி கொண்டுவந்தான். நம் தெருவுக்குத் தந்தி என்றால் சாவுதான். பிரிப்பதற்குள் ஒப்பாரி எழுந்தது. சாவு வீட்டு வழக்கப்படி யாரோ ஒருத்தி எரிகிற அடுப்பில் குடத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். அத்தை அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வயலிலிருந்து ஓடிவந்து வாங்கிப் பார்த்தேன். பெயர்கள் போக இரண்டே சொற்கள்: டிஸ்சார்ஜ்டு, ஸ்டார்ட்டடு.

"அழறதை நிறுத்துங்க. பட்டாளத்துலேருந்து விட்டுட்டாங்க. பொறப்பட்டுட்டாரு."

எதிர்வீட்டுப் பெரியப்பா தலையை ஆட்டினார். "பாடைகூடத்தான் பொறப்படுது தம்பி."

"பாடை தந்தி குடுக்காது பெரியப்பா. குடுத்தவரு பேரு அடியில இருக்கு. அது மாமா பேருதான்."

"மூணாம் பாரத்துப் படிப்பு. பாப்போம்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "நெசமாடா?"

"நெசந்தான்க்கா."

"நீ சொன்னா நம்பறேன். ஆனா அணைஞ்ச அடுப்பு. அவரு மொகத்தைப் பாத்துட்டுத்தான் மூட்டுவேன்."

அதன்பிறகு அடுப்பு ஈரச் சாம்பலோடு கிடந்தது. பெரியப்பா வீட்டுக் கூழ்தான் எங்களுக்கு. பானையை இறக்கும்போதெல்லாம் அவர் கேட்பார்: "உன் ஸ்டார்ட்டடு எந்த ஊர்ல நிக்குது?"

"ரயிலு மெதுவாத்தான் வரும் பெரியப்பா. வந்துரும்."

அத்தை எங்களைப் பார்க்காமல் கூழைக் கரைத்துக்கொண்டிருப்பாள். என் அர்த்தத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்காகத்தான் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் முந்திரிக்காட்டுப் பக்கமிருந்து காக்கிச் சட்டையும் டிரங்குப் பெட்டியுமாக அவர் வந்தார், இளைத்துக் கறுத்து. தெருவே ஓடியது. பெரியப்பாதான் முதலில் போய்ப் பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். என்னைக் கடக்கும்போது, "வந்துட்டாண்டா உன் ஸ்டார்ட்டடு" என்றார்.

எல்லாரும் வாசலில் ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் சமையற்கட்டுக்குப் போனேன். ஈரச் சாம்பலை அள்ளிக் கொல்லையில் கொட்டினேன். அடுப்பைத் துடைத்து, காய்ந்த முந்திரிச் சுள்ளிகளை அடுக்கினேன். மூட்டவில்லை. தீப்பெட்டியை அத்தையின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.