காரைக்குடியில் இரண்டு அஸர்

நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நானும் என் தங்கை ரைஹானாவும் திருச்சியிலிருந்து காரைக்குடிக்குப் போனோம். பொதுவாக அந்த ஊருக்குப் போகிறவர்கள் பழைய பெரிய வீடுகளைப் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் சாப்பிடப் போவார்கள். நாங்கள் மார்க்கக் கல்வி வகுப்பில் இடம் கேட்கப் போனோம். இதே வேலையாகப் போக நினைக்கிற பெண்களுக்கும், அவர்களுக்குத் துணையாக அனுப்பப்படும் அண்ணன்மார்களுக்கும் உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் காரணம். ரைஹானாவுக்கு இருபத்து மூன்று வயது. பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். போன வருடம் ஒரு ஜவுளிக் கடைக்காரர் அவளிடம், கடையில் கிடக்கும் சரக்குக்கு ஜகாத், அதாவது கட்டாய தர்மம், கணக்கிடும்போது வாங்கின விலையைப் போடுவதா, விற்கிற விலையைப் போடுவதா என்று கேட்டார். ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள். இது தெரியவில்லை. இணையத்தில் தேடியபோது ஏழு பதில்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் மற்ற ஆறையும் கண்டித்தது. ஆரம்பத்திலிருந்து முறையாகப் படித்துவிடலாம் என்று அவள் முடிவெடுத்தது அன்றுதான்.

நம் காலத்தில் முறையாகப் படிப்பது என்றால் முதலில் கைப்பேசியில் படிப்பதுதான். மூன்று இணைய வகுப்புகளில் சேர்ந்தாள். ஒன்றில் ஆறு மணி நேரத்தில் பத்துக் கலைகளுக்கு அடித்தளம் போட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். இன்னொன்றில் ஆசிரியர் முதல் பாடத்திலிருந்தே யாரோ ஒருவருக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த யாரோ ஒருவர் என்ன சொன்னார் என்பது ஐந்தாவது பாடம் வரை தெரியவில்லை. என் பங்குக்கு நானும் நாற்பது பி.டி.எஃப். நூல்களை இறக்கி அனுப்பினேன். நூல்களை இறக்குவது எனக்கு வாசிப்பதை விட நன்றாக வரும்.

பிறகு காரைக்குடியில் ஹஃப்ஸா என்ற ஆலிமா, அதாவது மார்க்கம் கற்ற பெண் அறிஞர், வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டோம். நான்கு வருடப் படிப்பு. குர்ஆன் ஓதும் முறை, அரபு மொழி, தொழுகை முதல் வியாபாரம் வரையிலான சட்டங்கள், எல்லாம் வரிசையாக. காலையில் ரயிலேறினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

எங்கள் அத்தா எதற்கும் வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை. "பார்க்கலாம்" என்பார், அர்த்தம் அதேதான். இந்த முறை கொஞ்சம் விளக்கமாகவே பேசினார். இந்த ஷவ்வாலில் இடம் கிடைத்தால் படிக்கட்டும். கிடைக்காவிட்டால் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் சம்பந்தத்தைப் பேசி முடிப்போம், அதற்குப் பிறகு படிப்பதும் படிக்காததும் மாப்பிள்ளை வீட்டார் பாடு. ரைஹானா அன்று மாலையே ஹஃப்ஸா ஆலிமாவுக்குப் போன் செய்தாள். அவர் சுருக்கமாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை அஸர் தொழுதுட்டு வந்துருங்க. நேர்ல ஓத வச்சுப் பாத்துட்டுத்தான் சேப்போம். சொன்ன நேரத்துக்கு வராதவுகளுக்கு அடுத்த ஷவ்வால்தான்."

இங்கே இரண்டு தகவல்கள். அஸர் என்பது பிற்பகல் தொழுகை. மதரஸாக்களின் கல்வியாண்டு பெரும்பாலும் ரமலானுக்குப் பிறகு, ஷவ்வால் மாதத்தில் தொடங்கும். ஜூன் மாதம் போய் நின்றால், ஒரு பருவமே பாதி போயிருக்கும்.

காலை ரயில். முன்பதிவில்லாப் பெட்டியில் ஆளுக்கு ஐம்பது ரூபாய், ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். புதுக்கோட்டை தாண்டும் வரை உட்கார இடமில்லை. ரைஹானா நின்றபடியே குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மனப்பாடமாக முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். காரைக்குடிச் சந்திப்பில் இறங்கும்போது ஒன்பதரை. அஸருக்கு இன்னும் ஒரு பகல் முழுதும் இருந்தது.

எனவே கண்டனூருக்கு டவுன் பஸ். அவளுக்குக் கட்டணமில்லை, எனக்குப் பத்து ரூபாய். பெண் கல்வி பற்றிய பயணத்தில் பெண்ணுக்கு ஆகிற செலவு அண்ணனுக்கு ஆவதை விடக் குறைவு என்பதை அத்தாவுக்கு வாட்ஸப்பில் தெரிவித்தேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

கண்டனூரில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் இருக்கின்றன. முன்வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்காது, பின்வாசலில் இருப்பவருக்குக் கடிதம் போட்டுத்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை பூட்டியிருந்தன. ஒரு வீட்டின் காவலாளி மட்டும் வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன்.

"மொதலாளி வீட்டுக் கல்யாணம்னாத்தான் தெறக்கிறது," என்றார். "அடுத்தது ஆவணியில. அப்ப வாங்க. அன்னைக்கு யாரு வாரீக, யாரு போறீகன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக."

"பாத்தியாண்ணே, இங்கயும் கல்யாணத்துக்குத்தான் கதவு தெறக்குது," என்றாள் ரைஹானா. காவலாளி, பாப்பாவுக்குக் கல்யாணமா என்று விசாரித்தார். இல்லை, படிப்பு என்றேன். என்ன படிப்பு என்று கேட்டு, மார்க்கப் படிப்பு என்று தெரிந்ததும், நான்கு வருடம் படித்தால் அரசாங்கத்தில் ஏதாவது போஸ்டிங் உண்டா என்று அக்கறையாகக் கேட்டார். இல்லை என்றதும், "அப்ப நெசமாவே படிக்கத்தான் படிக்குது," என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குத் திரும்பினார். இந்தப் படிப்பைப் பற்றி நான் கேட்டவற்றிலேயே தெளிவான விளக்கம் அதுதான்.

மதியம் காரைக்குடிக்குத் திரும்பி பிரியாணி சாப்பிட்டோம், ஆளுக்கு நூற்று எண்பது. லுஹர் தொழுதோம். பெண்களுக்கு மாடியில் தனி அறையுள்ள பள்ளிவாசலை முன்பே விசாரித்து வைத்திருந்தேன். எல்லாப் பள்ளிகளிலும் அந்த வசதி இல்லை, விசாரித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பழம்பொருள் கடைத் தெரு. எனாமல் தட்டு, தூக்குவாளி, யார் வீட்டுத் தாத்தாவோ முறைக்கிற புகைப்படம் எல்லாம் விற்கிறார்கள். ஒரு தட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ அஸர் பாங்கு கேட்டது. மணி மூன்று இருபது.

"அண்ணே, பாங்கு," என்றாள்.

நான் அறிவாளியின் நிதானத்தோடு விளக்கினேன். அது ஷாஃபி பள்ளிவாசல். அவர்கள் மத்ஹபில், அதாவது சட்ட மரபில், ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாக நீளும்போது அஸர் வந்துவிடும். நாம் ஹனஃபி. நமக்கு நிழல் இரண்டு மடங்காக வேண்டும். இந்த வெயில் மாதத்தில் அதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. எல்லாம் சரியான தகவல்கள். அவள் தலையாட்டினாள். நான் தட்டை வாங்கினேன். பிறகு சர்பத் குடித்தோம். அங்கே எங்கள் மத்ஹப் பள்ளிவாசலில் நாலே முக்காலுக்கு ஜமாஅத், அதாவது கூட்டுத் தொழுகை. நிறைவாகத் தொழுதுவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

"எங்குட்டு பாய் போகணும்?" என்றார் ஓட்டுநர். தெருப் பெயரைச் சொன்னேன். எண்பது ரூபாய்.

வகுப்பு நடக்கும் வீட்டு மாடிப்படியில் ஒரு பெண் சாவியோடு இறங்கிக்கொண்டிருந்தாள். நேர்காணல் முடிந்துவிட்டது. எல்லோரும் அஸர் தொழுதுவிட்டு நாலு மணிக்கெல்லாம் வந்து ஓதிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆலிமா அரை மணி நேரம் கூடவே காத்திருந்துவிட்டு, தேவகோட்டை பஸ் பிடிக்கப் புதிய பேருந்து நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார். திருச்சியிலிருந்து ஒரு பிள்ளை வருவதாகச் சொல்லி வராமலே இருந்துவிட்டதாகவும் அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னாள்.

ஆலிமா ஷாஃபி. நிழலின் நீளம் வரை விளக்கிய எனக்கு, யாருடைய அஸர் என்று கேட்கத் தோன்றவில்லை. ரைஹானா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே வந்து, போய்க்கொண்டிருந்த அதே ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏறிக்கொண்டாள்.  தஞ்சாவூர்ச் சம்பந்தம் எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வந்தது.

பேருந்து நிலையத்தில் தேவகோட்டை பஸ்ஸை இன்னும் எடுக்கவில்லை. ஹஃப்ஸா ஆலிமாவை வயதானவராகக் கற்பனை செய்திருந்தேன். என்னை விட இரண்டு வயதாவது சின்னவர். கையில் டிபன் பை, இடுப்பில் தூங்கும் குழந்தை. நான் மரியாதைக்காகப் பக்கத்துப் பழக்கடையில் நின்றுகொண்டேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது. சும்மா நிற்க முடியாது என்பதால் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினேன், நாற்பது ரூபாய்.

ரைஹானா ஸலாம் சொல்லித் தன் பெயரைச் சொன்னாள். ஆலிமா பதில் ஸலாம் சொல்லிவிட்டு, "ரொம்ப நேரம் பாத்தேம்மா. ஒரு போனும் இல்ல. பதிமூணு பேரு வந்து காத்திருந்தாக. ஒங்களுக்குன்னு தனியா ஒரு சட்டம் போட முடியாதுல்ல, அடுத்த ஷவ்வாலுக்கு வாங்க," என்றார். கோபமாக இல்லை. முடிந்துபோன விஷயமாகச் சொன்னார்.

என் தங்கை அழப்போகிறாள் என்று நினைத்து நான் பழத்தைக் கீழே வைத்தேன்.

"நீங்க சொன்ன நேரத்துக்குத்தான் நான் வந்தேன்," என்றாள் ரைஹானா. "அஸர் தொழுதுட்டு வரச் சொன்னீங்க. தொழுதுட்டு நேரா வந்தேன். நாங்க ஹனஃபி. எங்க அஸர் இப்பத்தான் முடிஞ்சுச்சு. ரெண்டு அஸரும் சரின்னுதானே வகுப்புல சொல்லுவீங்க? அப்ப நான் எப்படி லேட்டாவேன்?"

பஸ் நடத்துநர் தேவகோட்டை, தேவகோட்டை என்று கூவிக்கொண்டிருந்தார். ஆலிமா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டார்.

"இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. ஆட்டோல யோசிச்சேன்."

ஆலிமா சிரித்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க. "எங்க கணக்குக்கு ஒரு மடங்கு நெழலு, ஒங்களுக்கு ரெண்டு. ஏன்னு தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் வந்தேன்."

"மொத வருசம் நாங்க ஷாஃபி கிதாபுதான் வாசிப்போம். ஒங்க மத்ஹபுக் கிதாபை நீங்க கூடவே வச்சு, எங்க எங்க மாறுதுன்னு பாத்துக்கிட்டே வரணும். ரெட்டை வேலை. செய்வீகளா?"

ரைஹானா, தான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பதாகவும், இரண்டு கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் அங்கே சம்பளமே தருவதாகவும் சொன்னாள்.

பஸ் பின்பக்கம் நின்றபடி, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதச் சொன்னார் ஆலிமா. தணிந்த குரலில் ஓதினாள். முடித்ததும், "கடைசி வார்த்தையில நாக்கு எங்குட்டு படுதுன்னு தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றாள். "அங்குட்டு இருந்தே ஆரம்பிப்போம். வர்ற ஞாயிறு பத்து மணி. மணிதான், அஸர் இல்ல," என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார். யாசீனை யாரும் கேட்கவில்லை.

அந்தித் தொழுகையான மஃரிப் விஷயத்தில் இரு தரப்புக்கும் ஒரே நேரம் என்பதால், அதைச் சிக்கலில்லாமல் தொழுதுவிட்டு ஏழு மணி பஸ்ஸில் திருச்சி கிளம்பினோம். ஒரு சீப்புப் பழத்தையும் புதுக்கோட்டை வருவதற்குள் அவளே தின்று தீர்த்தாள்.

இதே வழியில் தொடங்க நினைப்பவர்களுக்கு, நான் பார்த்த வரையில் சொல்வது இவ்வளவுதான். மறுப்புகளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், மறுக்கப்படுவது என்ன என்பதை முதலில் படியுங்கள். ஓதுவதை நேரில் ஒருவர் முன்னால் உட்கார்ந்து சரிசெய்யுங்கள், நாக்கு எங்கே படுகிறது என்று கைப்பேசிக்குத் தெரியாது. ஆசிரியரிடம் அவர் யாரிடம், எந்த நூல்களை, எத்தனை வருடம் படித்தார் என்று கேளுங்கள். படித்தவர்கள் அதைக் கேட்டால் சந்தோஷப்படுகிறார்கள். உங்கள் குடும்பம் எந்த மத்ஹப், வகுப்பு எந்த மத்ஹப் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட வேண்டியதில்லை, வாரத்தில் ஒரு நாள் போதும், ஆனால் அந்த ஒரு நாளை விடக் கூடாது. சந்திப்பு நேரத்தைக் கடிகாரத்தில் கேட்டு வாங்குங்கள். அண்ணன்கள் சொல்லும் விளக்கம் சரியாகவே இருந்தாலும் ஒரு போன் செய்துவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு ரைஹானா தனியாகவே போய்வந்தாள். பெரிய தத்துவமாக ஏதாவது ஆரம்பித்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். முதல் பாடம் தண்ணீர். எந்தத் தண்ணீர் சுத்தமானது, எது சுத்தமாக்கும், எது சுத்தமாகவே இருந்தும் சுத்தமாக்காது. சட்ட நூல்கள் அங்கிருந்துதான் தொடங்குமாம். ஜவுளிக் கடைக்காரரின் சரக்குக்கு வந்து சேர இன்னும் பல மாதங்கள் ஆகும் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதுவரை அவர் ஏழு பதில்களோடு சமாளிக்க வேண்டும்.

முதல் வகுப்பு நடந்த அன்று இரவு சாப்பாட்டில் அத்தா தஞ்சாவூர்ச் சம்பந்தத்தைப் பற்றிப் பேசவில்லை. கை கழுவப் போனவர் குழாயைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, மொட்டைமாடித் தொட்டியில் போன வாரம் ஒரு காக்கை செத்துக் கிடந்ததே, அது தெரிவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரில் ஒளூ செய்து, அதாவது முகம் கை கால் கழுவி, தொழுத தொழுகையெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டார்.

"அது இன்னும் நடத்தலத்தா," என்றாள் ரைஹானா.

"சரி, ஞாயித்துக்கிழமை கேட்டுட்டு வா," என்றார். போகும்போது திரும்பி, "ரெண்டு மத்ஹபுலயும் கேளு," என்றார்.