எங்க ஆளு

திருப்புலிவனத்திலிருந்து உத்திரமேரூருக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும் குட்டி யானை ஆல்வினுடைய சொந்த வண்டி. அவன் அம்மா முத்துவேல் வீட்டு வயல்களில் நாற்று நட்டவள். கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கம் பெயர் அதிகம் தேவைப்படாது. இன்னார் வீட்டு ஆளு என்றாலே போதும். அப்படித்தான் அவள் கடைசிவரை முத்துவேல் வீட்டு ஆளாக இருந்தாள். தன்னை ஒருவரும் அப்படிச் சொல்லக்கூடாது என்றுதான் ஆல்வின் வண்டி வாங்கினான்.

போன தை மாதம் முத்துவேல் வீட்டில் மூட்டைக்காகக் காத்திருந்தபோது, அவர் மகன் தினேஷ்குமார் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஆடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஸ்டியரிங்கும் பெடலும் நிஜக் காரில் இருப்பது போலவே இருந்தன. வளைவுக்கு வளைவு கார் வாலை வீசிச் சுழன்றது.

"பின்னாடி இவ்ளோ விறைப்பா வெச்சிக்கினு திருப்புனா சுத்தாம இன்னா பண்ணும் தம்பி? காலி வண்டி மாரி துள்ளுது பாரு."

"இது கேமுண்ணா. உன் குட்டி யானை இல்ல."

"இளக்கித்தான் பாரேன்."

தினேஷ் சிரித்துக்கொண்டே பின்பக்க ஸ்பிரிங்கை இரண்டு எண் குறைத்தான். அடுத்த சுற்றில் கார் தரையைக் கவ்விக்கொண்டு போயிற்று. அவன் சிரிப்பு நின்றது.

"உள்ள வாண்ணா."

அதன்பிறகு சாயங்காலங்களில் ஆல்வின் அங்கே போனான். ஸ்டியரிங்கை ஒருநாளும் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டயரின் சத்தத்தைக் கேட்பான். எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று சொல்வான். மனைவி பிரிஸ்கில்லாவுக்கு இது விளங்கவில்லை. "ரோடும் இல்ல, வண்டியும் இல்ல. அங்க போய் இன்னாத்த ரிப்பேர் பண்ணிக்கினு கீற?"

சென்னையில் தன் டீம் ஆடப்போகும் கம்ப்யூட்டர் பந்தயப் போட்டியில் மைக் கைக்கு வந்தால் உன் பேரைச் சொல்கிறேன் என்று தினேஷ் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த ஒன்றை ஆல்வின் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான்.

போட்டியைக் கணவனும் மனைவியும் செல்போனில் பார்த்தார்கள். அரையிறுதியில் தினேஷ் முதலாவதாக வந்தான். காரை இவ்வளவு நன்றாக அமைத்துத் தந்தது யார் என்று தொகுப்பாளர் கேட்டார்.

"ஊர்ல எங்க ஆளு ஒருத்தர் இருக்காரு. எல்லாம் அவர்தான்," என்றான் தினேஷ், பெருமையாகத்தான்.

பிரிஸ்கில்லா கணவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. "அண்ணா, ஃபைனல்ல மழை வெச்சிருக்கானுங்க. சீக்கிரம் சொல்லு, பத்து நிமிசம்தான் கீது."

ஆல்வின் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். "முன்ன பின்ன ரெண்டையும் இளக்கு. கார கொஞ்சம் தூக்கி வை. பிரேக்க பின்னாடி ரெண்டு புள்ளி தள்ளு," என்றான். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "தம்பி, நான் உங்க ஆளு இல்ல. என் பேரு ஆல்வின்," என்றான்.

"தப்பா நெனைக்காதண்ணா. வாய்ல அப்டி வந்துடுச்சு. இந்த வாட்டி சொல்றேன்."

நாலாவது சுற்றில் பிரேக் பிடித்தபோது பின்சக்கரங்கள் இறுகி, கார் சுழன்று புல்லில் போய் நின்றது. தினேஷ் ஆறாவதாக வந்தான். அவன் பக்கம் மைக் வரவில்லை.

மறுநாள் ஆல்வின் வண்டியில் மூட்டைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது தினேஷ் வந்து நின்றான்.

"மைக்கே குடுக்கலண்ணா."

"பாத்தேன். பிரேக்க பின்னாடி தள்ளச் சொன்னது என் தப்பு தம்பி. பின்னாடி பத்து மூட்டை கீற வண்டிய நெனச்சுக்கினு சொல்லிட்டேன். அந்தக் கார்ல பின்னாடி இன்னா பாரம் கீது?"

"வுடுண்ணா. நான்தான் சரியா ஓட்டலன்னு டீம் பசங்ககிட்ட சொல்லிட்டேன். உன்ன இதுல இழுக்கல."

ஆல்வின் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினான்.

"அப்டிச் சொல்லாத. ஆல்வின் தப்பாச் சொன்னான்னு சொல்லு."

தினேஷ் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு போனை எடுத்து, டீம் பசங்களுக்கு நின்றபடியே ஒரு மெசேஜ் தட்டி, அவனிடம் நீட்டினான். ஆல்வின் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"அனுப்பு," என்றான்.