பதினாறு விலாசங்களும் முந்நூறு வீடுகளும்

மனுவேலைப் பற்றி எழுதுவதென்றால் நான் அவனைச் சந்தேகப்பட்டதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் பொய்யாகிவிடும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மே மாதம் அவனுடைய தாய் யோசப்பினைப் பராமரிக்க மஹய்யாவ வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கினேன். பெரியாஸ்பத்திரியில் எல்லாரும் மிஸி என்று கூப்பிடும் தாதியாக இருபத்தேழு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றபின் வீடுகளுக்குப் போய் நோயாளி பார்ப்பதுதான் என் தொழில். யோசப்பினுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்தது. பேச்சும் போய்விட்டது. கனத்த உடம்பு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். அதை நான் தனியாகச் செய்வேன். மாலை நாலு மணிக்குத் தூக்கி உட்காரவைத்து உடம்பு துடைக்க மட்டும் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் மனுவேல். கட்டுகஸ்தோட்டை வீதியில் இருந்த வேலையிடத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான், அரைமணி நேரம் நிற்பான், திரும்பிப் போவான்.

அவனுக்கு முப்பத்துநாலு வயது. கலியாணம் செய்யவில்லை. வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் ஒரே தொழில்நுட்பக்காரன். கலகெதர மலையில் கோபுரம் ஏறுவதும் அவன்தான், போன் எடுத்து ஏசுகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் அவன்தான்.

நான் போன முதல் நாளே ஒரு கொப்பியைக் காட்டி முறையைச் சொன்னேன். நேரம், எந்தப் பக்கம் திருப்பியது, சிறுநீர் எவ்வளவு, தோல் எப்படி. இருவர் சேர்ந்து தூக்கினால் இருவரும் கையெழுத்து.

"மிஸி, பெத்த அம்மாவத் தூக்குறதுக்கும் கையெழுத்தா?"

"ஓம். நாளைக்கு முதுகில புண் வந்தா ஆரைக் கேக்கிறது?"

"என்னத்தான் கேப்பீங்க. அதுக்குத்தான இந்தக் கொப்பி."

"விளங்கினாச் சரி. இதில போடும்."

சிரித்துக்கொண்டே போட்டான். பிறகு ஒருநாள்கூட நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சந்தேகம் வந்தது ஒரு கோப்பினால். முன்னறை அலுமாரியில், யோசப்பினின் சேலைகளுக்குக் கீழே நீலக் கோப்பு. துவாய் தேடும்போது கையில் பட்டது. திறந்து பார்த்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. நோயாளியோடு தனியாக இருக்கிறவள் வீட்டில் என்ன இருக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். உள்ளே பக்கம் பக்கமாக எண்கள். மணி, நிமிடம், எண்கள், எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், உள்ள வீட்டுக்காரரின் பெயர்கள். பின்பக்கங்களில் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த நீளமான வரிகள். ஒரு வரியை எண்ணினேன். முப்பத்திரண்டு.

வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடம் அது. அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கப் போக முடியாது. அப்படியான நேரத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் சேலைக்குக் கீழே அயலவர்களின் பெயர்களையும் விளங்காத எழுத்துகளையும் ஒளித்து வைத்திருந்தால் என்ன நினைப்பது? இரண்டில் ஒன்று. அந்தப் பக்கத்துக்குச் செய்தி கொடுக்கிறான், அல்லது இந்தப் பக்கத்துக்கு எங்களைக் காட்டிக்கொடுக்கிறான். இரண்டும் எனக்கு வேண்டாம்.

அன்று நாலு மணிக்கு, தாயைத் தூக்கிப் பிடித்திருந்தவனிடம் நேராகவே கேட்டேன். கை இரண்டும் வேலையில் இருக்கும்போது ஆள் ஓட முடியாது.

"அலுமாரியில என்ன தம்பி, பட்டியல்?"

அவன் பயப்படவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"அது லொக் மிஸி, மெஷின் எழுதுற பதிவு. ஆபீஸ்ல பூட்டு உள்ள அலுமாரி முதலாளிக்கு மட்டும்தான். மெஷின் ஒரு நாளைக்கு மேல ஞாபகம் வச்சிருக்காது. அதான் பிரிண்ட் எடுத்து இங்க வைக்கிறேன்."

"அயலட்டைப் பேர் ஏன்?"

அவன் விளக்கினான். எங்கள் ஒழுங்கையில் வீடுகளுக்கு ஒழுங்கான இலக்கம் இல்லை. எல்லாருடைய கடிதமும் சாஹுல் ஹமீது நானாவின் கடைக்கு வரும். அவர்தான் பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். இன்டர்நெட்டிலும் அதே கதை. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு விலாச இலக்கம் வேண்டும். அவனுடைய கம்பெனிக்குக் கொழும்பிலிருந்து கிடைத்தது பதினாறு. வீடுகள் முந்நூறு. இன்னும் கேட்டால் இல்லை என்கிறார்கள். உலகம் முழுக்கவே அந்தப் பழைய இலக்கங்கள் முடியப்போகின்றன. ஆகவே இருபது வீடுகளை ஒரே விலாசத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறான். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு நானாவின் கடை மட்டும்தான் தெரியும். எந்த நேரத்தில் எந்த வீடு என்பது அந்தக் கோப்பில் மட்டும்.

"அந்த நீட்டு வரி?"

"அது புது முறை. இலக்கம் முடியவே முடியாது. வீட்டுக்கு வீடு தனி விலாசம். இப்பவே பழகிப் பாக்குறேன்." சொல்லிவிட்டு முப்பத்திரண்டு எழுத்தையும் பாராமல் ஒப்புவித்தான். இன்னொன்றையும் சொன்னான். மூன்றாவதையும். செபமாலை சொல்வதுபோல. அன்றிரவு கோப்பை எடுத்துச் சரிபார்த்தேன். ஓர் எழுத்தும் பிழையில்லை.

"வீட்டுக்கு வீடு தனி இலக்கமெண்டா, தேடி வாறவனுக்கு வசதி," என்றேன் மறுநாள். எண்பத்துமூன்று கலவரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்தவர்கள் கையிலிருந்த கடதாசியையும் மதிலில் இருந்த இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேற்றைத் தள்ளினார்கள். நான் பின்மதிலால் ஏறிக் குதித்தேன். கணுக்கால் இன்றும் மழைக்கு நோகும்.

மனுவேலுக்கும் எண்பத்துமூன்று இருந்தது. பன்வில தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தகப்பன், அதை விட்டுவிட்டு நகரத்தில் றேடியோ திருத்தும் கடை போட்டிருந்தார். ஒரே கூரை, மூன்று கடை, ஒரே இலக்கம். வந்தவர்கள் தேடியது நடுக்கடைக்காரரை. எரிந்தது மூன்றும்.

"ஒரே நம்பர்ல இருந்தா அடுத்தவன் பாவமும் நம்ம தலையில மிஸி."

"தனி நம்பரெண்டா நேரா உம்மட தலையில."

இதில் நாங்கள் இருவரும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை.

ஒக்டோபர் பதினேழாம் திகதி, வெள்ளிக்கிழமை காலை, ஹமீது நானா கடையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"மிஸி, சந்தியில பொலிஸ் ட்ரக் வந்தீக்கி. ஊடு ஊடா செக் பண்றாங்க. புள்ள ஊட்டுல இல்லயா?"

"வேலைக்குப் போட்டார்."

"அப்ப நீங்க பாத்துக்கோங்க." என்னத்தைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. அந்த நாட்களில் சொல்லத் தேவையும் இல்லை. சுற்றிவளைப்பு என்றால் எங்கள் ஆட்கள் முதலில் செய்வது கடதாசியை அழிப்பது. யாழ்ப்பாணத்துக் கடிதம், தபால் முத்திரை பதிந்த உறை, மறந்துபோன உறவினரின் படம். நான் மூன்று வீடுகளில் செய்திருக்கிறேன். எனக்குப் பத்து நிமிடம் போதும்.

யோசப்பினுக்குத் துடைக்கத் தண்ணீர் சுட்டுக்கொண்டிருந்தது. நீலக் கோப்பை எடுத்து, கம்பியைக் கழற்றி, நாலு நாலு பக்கமாக அடுப்பில் வைத்தேன். மட்டை எரிய நேரம் எடுத்தது. சாம்பலைக் கிளறித் தண்ணீர் ஊற்றினேன்.

வந்தவர்கள் அலுமாரியைக் கொட்டினார்கள். மெத்தையைத் தூக்க வந்த பொலிஸ்காரப் பெடியனுக்கு, "மெதுவா, ராலஹாமி. தோல் உரிஞ்சா நீதான் மருந்து கட்டவேணும்," என்று சிங்களத்தில் சொன்னேன். ஒன்றும் கிடைக்காமல் போனார்கள். செய்தது சரி என்றுதான் நினைத்தேன். மாலையில் மனுவேலிடம் சொல்லவில்லை. தன் கோப்பைத் தேடட்டும், தேடும் முகத்தைப் பார்ப்போம் என்று இருந்தேன். அவன் பழைய கோப்பைத் திறக்கவேயில்லை. வியாழன் வரையான பக்கங்களை அதில் போட்டாயிற்று, புதியவற்றை மேசையில் சேர்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஒரு ஜீப் வந்தது. சிவில் உடையில் ஓர் அதிகாரியும் இரண்டு பொலிஸ்காரரும். நடுவில் மனுவேல். சட்டையின் மேல் பொத்தான் அறுந்திருந்தது.

அவன்தான் எனக்குத் தமிழில் சொன்னான். பதினாலாம் திகதி மாலை நாலு பன்னிரண்டுக்கு வெளிநாட்டுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. அது புறப்பட்ட விலாசம் கம்பெனியின் பதினாறில் ஒன்று. எங்கள் ஒழுங்கையின் இருபது வீடுகளுக்கான விலாசம். பதிவில் பொறுப்பாளர் என்று எழுதியிருப்பது அவனுடைய பெயர். அதில் என்ன எழுதியிருந்தது என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அது நான் இல்ல, லொக் இருக்குன்னு சொன்னேன் மிஸி. அத எடுக்கத்தான் வந்தோம்."

அலுமாரியைத் திறந்தான். சேலைகளைத் தூக்கினான். ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு என்னைப் பார்த்தான்.

"எரிச்சுப்போட்டன்," என்றேன்.

அதிகாரிக்குத் தமிழ் விளங்கியது. "ஏன் எரித்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நீங்கள் வருகிறீர்கள் என்றார்கள். அதனால் எரித்தேன்."

அந்தப் பதில் எங்கள் ஒழுங்கையில் எவருக்கும் விளங்கும். அவருக்கு விளங்கியது வேறு. குற்றவாளி வீட்டில் சாட்சியை அழித்துவிட்டார்கள். பொலிஸ்காரன் மனுவேலின் முழங்கையைப் பிடித்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கொண்டு போனால் மாதமா வருடமா என்று எவரும் சொல்ல முடியாது. அந்த நேரம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஆள் வெளியே நிற்க வழியிருந்தது, அதை அடுப்பில் போட்டது நான்.

அதிகாரி மனுவேலைக் கேட்டார். "உனக்கு ஞாபகம் இருக்கும்தானே? பதினாலாம் திகதி, நாலு பன்னிரண்டு. எந்த வீடு?"

"ஞாபகம் இல்ல மாத்தயா."

"இருபது வீடுதான். ஒன்றைச் சொல்லு, நீ வீட்டில் இரு."

"முந்நூறு வீட்டு லைன் மாத்தயா. எனக்கு ஞாபக சக்தி குறைவு."

நான் தரையைப் பார்த்தேன். முப்பத்திரண்டு எழுத்து வரிகளைத் தாயின் முதுகைப் பிடித்தபடி ஒப்புவித்தவன் அவன்.

பொய்யை நான் திருத்தவில்லை. கொப்பியை எடுத்து வந்தேன். பதினாலாம் திகதிப் பக்கம். நாலு ஐந்து முதல் நாலு இருபத்தைந்து வரை, தூக்கி உட்காரவைத்து உடம்பு துடைத்தது, இடப்பக்கம் திருப்பியது, முதுகெலும்பின் அடியில் சிவப்பு. கீழே இரண்டு கையெழுத்து.

"ஒரு கை தாயின் தோளில், மற்றக் கை இடுப்பில். கடிதம் எழுத மூன்றாவது கை வேண்டும்."

"இதை நீ நேற்று எழுதியிருக்கலாம்."

"எழுதியிருக்கலாம். பக்கத்தின் அடியைப் பாருங்கள். அடுத்த நாள், புதன்கிழமை, டொக்டர் வந்தவர். சிவப்பைப் பார்த்துவிட்டு முதல்நாள் பக்கத்தின் அடியிலேயே மருந்து எழுதிக் கையெழுத்து வைத்தவர். உங்கள் ஆள்தான், சிங்களவர். போன் நம்பர் இருக்கிறது."

அவர் ஐந்து மாதப் பக்கங்களையும் புரட்டினார். சிறுநீர் அளவுகளையும் விடாமல் வாசித்தார். கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "விசாரிப்போம்," என்றார். மனுவேலை ஏற்றினார்கள். யோசப்பின் கட்டிலில் இடது கையை மட்டும் தூக்கினாள். அவளுக்கு எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. நேரம் பன்னிரண்டு. பக்கம் மாற்றினேன்.

பதினொரு நாள் வைத்திருந்தார்கள். நாலு மணிக்குத் தூக்க ஹமீது நானாவின் மனைவி ஆஸியா உம்மா வந்தார். புதுக் கொப்பியில் அவரும் கையெழுத்துப் போட்டார். பழையது திரும்பி வரவேயில்லை. டொக்டர் தேடிப்போய் வாக்குமூலம் கொடுத்தார் என்று பிறகு அறிந்தேன்.

வந்தவன் மெலிந்திருந்தான். இடது காதில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. நான் கவனித்தேன், ஏன் என்று விசாரிக்கவில்லை. முதல் வேலையாக நாலு மணிக்குத் தாயைத் தூக்கினான்.

"தம்பி, நான் எரிச்சது பிழை."

"எரிக்காட்டி இன்னொரு வீட்டுக்கு ஜீப் போயிருக்கும் மிஸி. அந்தப் பக்கத்த நான் அன்னைக்கே பாத்தேன். தெனமும் பாத்துட்டுத்தான் வைப்பேன்."

"அப்ப உமக்குத் தெரியும்."

"தோளப் புடிங்க, சரியுது."

பதினொரு நாளும் அவனிடம் அவர்கள் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். ஒழுங்கையால் போகும்போது நான் ஒவ்வொரு வாசலையும் பார்ப்பேன். இருபதில் எது? ஹமீது நானாவின் மேல்மாடியா, மூலையிலிருந்த ரியூஷன் வகுப்பா? எல்லாரும் அவனுக்கு வழக்கத்தைவிட அன்பாகப் பேசினார்கள். அதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

யோசப்பின் இரண்டாயிரத்துப் பத்தில் இறந்தாள். முதுகில் புண் இல்லை.

அடுத்த வருடம் ஆசியாவுக்கான பழைய இலக்கங்கள் முடிந்துபோயின என்று மனுவேல் பத்திரிகைத் துண்டொன்றைக் கொண்டுவந்து காட்டினான். ஆனாலும் அவனுடைய முதலாளி இன்னும் நாலு வருடம் இழுத்தடித்தார். இருபது வீடு இருந்த விலாசத்துக்குப் பின்னால் நாற்பது வீட்டை அடைத்தார்கள். கடைசியில் புது முறைக்கு மாறினார்கள். ஒழுங்கையில் வீடு வீடாகப் போய் மாற்றியது மனுவேல். நான் அப்போது அதே ஒழுங்கையில் ஓர் அறை எடுத்திருந்தேன். என் வாசலுக்குக் கடைசியாக வந்தான்.

"இனி உங்களுக்குத் தனி விலாசம் மிஸி. பயப்படாதீங்க, பின்பாதி அடிக்கடி தானா மாறும்."

"முன்பாதி?"

"அது வீட்டோடது. மாறாது."

"அப்ப வீடு தெரியும்."

வயரைச் செருகிவிட்டு நிமிர்ந்தான். "தெரியும் மிஸி," என்றான். பொய் சொல்லவில்லை.

கொப்பியை எடுத்தேன். எந்த இலக்கம், எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று எழுதச் சொன்னேன். பாராமலே முப்பத்திரண்டு எழுத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் நானும் போட்டேன்.

"இந்தப் பட்டியல் முழுக்க இப்ப ஆரிட்ட இருக்கு?"

"எங்கிட்டத்தான்."

"எங்க வைச்சிருக்கிறீர்?"

மோட்டார் சைக்கிளில் ஏறி, கேட்கும் காதை என் பக்கம் திருப்பிச் சிரித்தான்.

"சொல்ல மாட்டேன் மிஸி. நீங்க எரிச்சிருவீங்க."