ஆற்றில் விட்ட படம்

"ஆத்த சுத்தம் பண்ணப் போறியா? எந்த ஆத்தடி?"

தறியிலிருந்து தலையைத் தூக்காமலே அத்தை கேட்டது இது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளியிலிருந்து வேகவதி ஆற்றைச் சுத்தம் செய்யக் கூட்டிப் போகிறார்கள் என்று அப்போதுதான் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தேன். நான் ஏழாம் வகுப்பு. அப்பாவும் அத்தையும் தொடக்கப் பள்ளியோடு நின்றவர்கள், அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஆகவே ஏழாம் வகுப்பிலேயே எங்கள் வீட்டில் அதிகம் படித்தவள் நான்தான். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "வேகவதின்னுதான் சொன்னாங்க அத்த" என்றேன். "இன்னும் இருக்குதா அது?" என்று சிரித்துவிட்டு அத்தை அடுத்த இழையை ஓட்டினாள்.

அவள் சிரித்ததன் காரணம் எனக்குப் புரியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பேச்சில் தண்ணீருக்கு இரண்டு இடங்கள் உண்டு. சாயம் கழுவிய தண்ணீர், அறுந்த நூல், வீட்டுக் குப்பை எல்லாவற்றையும் 'கால்வால கொட்டு' என்பார்கள். அந்தக் கால்வாயை நான் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்திருக்கிறேன். பழைய தாலிக்கயிறு, காய்ந்த மாலை, இறந்தவர் துணி போன்றவற்றை 'ஆத்துல விடு' என்பார்கள். விடுவதற்குப் பெரியவர்கள்தான் போவார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போக மாட்டார்கள். அதனால் ஆற்றை நான் பார்த்ததே இல்லை. எங்கோ தள்ளி, படித்துறையும் தெளிந்த தண்ணீருமாக ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரம்தான் அப்பா ஆற்றுக்குப் போய் வந்திருந்தார். எங்கள் வீட்டு முருகன் படம் ஆணி கழன்று விழுந்து கண்ணாடியில் விரிசல் விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவளுக்கு ஏற்கெனவே வந்த இடங்களெல்லாம் ஏதேதோ சொல்லித் தட்டிப்போயிருந்தன. இந்த இடமாவது அமைய வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் விரதம் இருந்தாள். விரிந்த சாமி படத்தை வீட்டில் வைத்துக்கொண்டு நல்ல காரியம் பேசலாமா? அப்பா அதை ஒரு பையில் போட்டு, சைக்கிளில் எடுத்துப் போய் விட்டுவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை எங்களுக்கு ஆளுக்கொரு தொப்பியும் கையுறையும் கொடுத்தார்கள். கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். ஆற்றில் எதையும் போட மாட்டோம், வீட்டில் உள்ளவர்களையும் போட விடமாட்டோம். பிறகு வரிசையாக நடந்தோம். நான் மூக்கைப் பிடிக்கும் வழக்கமான இடம் வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

சாக்குகளோடு நின்ற தன்னார்வலர் அண்ணனிடம், "ஆறு இன்னும் எவ்ளோ தூரம்ணா?" என்று கேட்டேன்.

அவர் என்னையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்தார். "இதாம்மா ஆறு."

எனக்கு அது தலையில் ஏறவில்லை. சென்னையிலிருந்து வந்தவர், கால்வாயை ஆறு என்று அவரிடம் யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவரைத் திருத்தவில்லை.

பிளாஸ்டிக்குக்கு ஒரு சாக்கு, கண்ணாடிக்கு ஒரு சாக்கு, துணிக்கு ஒரு சாக்கு என்று பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டு வந்தோம். கோரைப்புல்லுக்குள் ஏதோ மின்னியது. இழுத்துப் பார்த்தால் முருகன், வள்ளி, தெய்வானை. சட்டத்தைச் சுற்றி அத்தை ஒட்டிய சரிகைத் துண்டு அப்படியே இருந்தது. எங்கள் படம்.

அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடிச் சாக்கைப் பார்த்தார், பிளாஸ்டிக் சாக்கைப் பார்த்தார், எதிலும் போடாமல் சேறான கையுறையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இத எதுல போடறதுன்னு எனக்குத் தெரியலம்மா. நீ வேணா வீட்டுக்கு எடுத்துனு போயி, பெரியவங்கள கேளேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண் பார்க்க வரும் நாளில் முருகனே திரும்பி வந்துவிட்டார். பள்ளிக் குழாயில் சுத்தமாகக் கழுவி, தொப்பியைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா வாசலிலேயே நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "எங்கடி கெடச்சிது?"

"கால்வால."

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "சாமிய கால்வாலயா போட்டுட்டு வந்த?"

"ஆத்துலதான் விட்டேன்."

"இவ கால்வான்றா."

"அவளுக்கு என்னா தெரியும், சின்னப் பொண்ணு."

அப்பாவைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "ஆத்துலருந்து தண்ணி அடிச்சினு வந்திருக்கும்மா" என்றேன். உள்ளே அத்தை மறுபடி சிரித்தாள்.

"போயி திரும்ப விட்டுட்டு வாய்யா, அவங்க வர நேரமாவுது" என்றாள் அம்மா. நான் குறுக்கே நின்றேன். யாரையும் போட விடமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்திருக்கிறேன் என்றேன். "ஸ்கூல்லயே சொல்லிட்டாங்களா?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பள்ளியில் சொன்னது என்றால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

தெருமுனையில் குப்பை வண்டி நின்றிருந்தது. அப்பா எடுத்துப் போனார். வண்டிக்கார அக்கா கையை நீட்டாமல் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒடஞ்ச பக்கெட்டு குடுண்ணா, வாங்கிக்கறேன். சாமிய எப்படிண்ணா இதுல போடறது? நானும் புள்ளக்குட்டிக்காரி."

அப்பா படத்தோடு திரும்பி வரும்போதே சந்துக்குள் கார் நுழைந்துவிட்டது. எங்கள் வீட்டில் பாதியைத் தறி அடைத்திருக்கும், மீதியில்தான் விருந்தாளிகள் உட்கார வேண்டும். ஒளித்து வைக்க வேறு இடம் இல்லை. தலை நிறையப் பூவோடு நின்ற அத்தை, அப்பா கையிலிருந்து படத்தைப் பிடுங்கி, தறிக்குழிக்குள் இறக்கிவிட்டாள். நெய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் குழி அது.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். காபி குடித்தார், என் தொப்பியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, "பொண்ணு நல்லா நெய்யும்னு சொன்னாங்களே. ஒக்காந்து நாலு எழ ஓட்டிக் காட்டும்மா" என்றார்.

அத்தை நகரவில்லை.

"கூச்சப்படாத. எங்க வீட்லயும் தறிதான்."

"இன்னிக்கி வேணாங்க."

"ஏம்மா, கால் வலியா?"

"அதெல்லாம் இல்லீங்க."

அத்தையின் கால் விரல்கள் தரையை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். குழிக்குள் சாமி இருக்கிறது என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். ஆற்றில் விட்ட விரிந்த படம், பெண் பார்க்கும் நாளில் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடலாம், தப்பில்ல" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை.

கார் போனதும் அத்தை குழிக்குள் இறங்கிப் படத்தை எடுத்து, புதுப் புடவை முந்தானையால் துடைத்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. அப்பா படத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓரிக்கைப் பக்கம் கிளம்பினார். "பாலாத்துக்கே போறேன். அதையாவது யாரும் கால்வான்னு சொல்ல மாட்டாங்க" என்றார்.

இருட்டிய பிறகு வந்தார். "தண்ணியே இல்ல. வெறும் மணலு" என்று அம்மாவிடம் சொன்னார். என் முகம் வாடியதைப் பார்த்து, "ஆத்துல போடலம்மா. மணல்ல நிக்க வச்சிட்டுதான் வந்தேன்" என்றார். போடவில்லை, வைத்தார். என் உறுதிமொழிக்கு எந்தக் குறையும் வரவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

கொட்டுவதும் விடுவதும் ஒரே தண்ணீரில்தான் என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மூக்கைப் பிடிக்கும் தண்ணீரில் சாமியை விட்டுவிட்டு நிமிர்ந்து வீட்டுக்கு வர, அவர்களுக்கு ஆறு என்ற அந்த இன்னொரு பெயர் வேண்டியிருந்தது. படித்த மகளின் ஒரு வாக்கியத்துக்காக அப்பா அன்று 'வைத்தேன்' என்று மூன்றாவதாக ஒரு சொல்லைத் தேடிப் பிடித்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அத்தைக்குப் பிறகு ஆரணியில் கல்யாணம் ஆயிற்று. அன்று அவள் தறியில் உட்காராதது முருகனுக்காகவா, அல்லது நெய்து காட்டச் சொன்னது பிடிக்காமலா என்று கேட்டால் இப்போதும் சிரிப்பாளே தவிரச் சொல்ல மாட்டாள்.

சுற்றுச்சூழல் பொறியியல் முடித்த கையோடு, எங்கள் தெருக் கோயிலில் பேசி, பின்வாசலில் ஒரு மேசை போட இடம் வாங்கியிருக்கிறேன். பழைய சாமி படங்களை அங்கே கொண்டுவந்து கொடுக்கலாம். நேற்று முதல் படம் வந்தது, ஒரு லட்சுமி. கண்ணாடியைத் தனியாக எடுத்தேன். மரச் சட்டத்தைத் தனியாக, ஆணிகளைத் தனியாக. காகிதத்தை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறேன். காலையில் பார்த்தேன், தாமரை கரைந்துவிட்டது, முகம் இன்னும் கரையவில்லை. அதுவும் கரைந்த பிறகு அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த படத்துக்கு இரண்டாவது வாளி வாங்கிவிட்டேன்.