எந்தக் கடல் என்று சொல்லாமல் விட்ட வரி

போன செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றில் ரசத்தை ஊற்றியதோடு சரி... போன் அடித்தது.

பெரியபட்டினத்திலிருந்து சுலைகா லாத்தா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் கூப்பிடுவோம். அவர் கணவர் செய்யது காக்கா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். கடல் நிலவரத்தைத் தமிழ்க் குறுஞ்செய்தியாக்கி நம் கரையோர ஊர்களுக்கு அனுப்பும் சின்னக் குழு ஒன்றுக்கு நான்தான் புரோகிராம் எழுதுகிறேன். அதில் ஒரு எழுத்து பிசகினாலும் லாத்தா நேராக எனக்கே அடித்துவிடுவார்.

"என்னம்மா, மெசேஜுல பெண் கடல்னு போட்டு வந்திருக்கு? நாங்க கெடக்கறது ஆண் கடல்லதானே?"

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல் – சாது. தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல் – முரடு. பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. என் வீட்டில் நிலவரம் நேர்மாறு!

அன்றைய அறிவிப்பில் வடக்கே அமைதி. தெற்கே சாயங்காலத்துக்குள் காற்று கடுமையாகும், யாரும் போக வேண்டாம். பெரியபட்டினம் இருப்பது தெற்கே. அதற்குப் போன செய்தியோ... அமைதி.

"காக்கா எங்க லாத்தா?"

"அவுக அதுல அமைதிங்கறத மட்டும் பாத்துட்டுத்தானே போனாக. பதினோரு மணிக்கே போயிட்டாகளே!"

கை கழுவக்கூடத் தோன்றவில்லை. இடது கையாலேயே லேப்டாப்பைத் திறந்தேன்.

விஷயம் இதுதான். எக்ஸ்.எம்.எல். வடிவில் வரும் அறிவிப்பைத் தமிழ் வாக்கியமாக மாற்ற என்னிடம் மூன்று ஸ்டைல்ஷீட்டுகள். முதல் ஃபைல் இரண்டாவதை இம்போர்ட் செய்து தன்னோடு சேர்த்துக்கொள்ளும், இரண்டாவது மூன்றாவதை. இந்த ஊருக்கு எந்தக் கடல் என்பது முதல் ஃபைலுக்குத்தான் தெரியும். அதை ஒரு பாராமீட்டராக, கைமாற்றும் சீட்டு மாதிரி, இரண்டாவதிடம் கொடுக்கும். இரண்டாவது அதை வாங்கி மூன்றாவதிடம் கொடுக்க வேண்டும். மூன்றாவது அதைப் பார்த்து, அந்தக் கடலின் காற்றை எடுத்து எழுதும்.

முந்தின நாள் இரண்டாவது ஃபைலில் அலை உயரத்துக்காக நாலு வரி சேர்த்தேன். அந்த அவசரத்தில் பாராமீட்டரை மூன்றாவதிடம் கொடுக்கும் வரியை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் கத்தியிருக்க வேண்டாமா? கத்தாது. மதிப்பு வராவிட்டால் மூன்றாவது ஃபைல், தன்னிடம் நான் எப்போதோ எழுதி வைத்த டீஃபால்ட்டை எடுத்துக்கொள்ளும். அது பெண் கடல். எரர் இல்லை, சத்தம் இல்லை. அழகான தமிழில் ஒரு பொய்!

விட்ட வரியை எழுதிச் சேர்த்தேன். திருத்திய செய்தி போனது. ஆனால் கடலுக்குள் காக்காவின் போனுக்கு டவர் ஏது?

லாத்தா மீன் ஏலக்காரர் காதரிடம் ஓடியிருக்கிறார். அவருக்கு வயர்லெஸ் வைத்திருக்கும் ஒரு லாஞ்சுக்காரரை, அதாவது விசைப்படகுக்காரரைத் தெரியும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை காதரைப் போனில் பிடுங்கினேன்.

"சொல்லிட்டீகளா?"

"சொல்லியாச்சும்மா. லாஞ்சுக்காரவுக பக்கத்து வள்ளத்துக்குச் சொல்றேன்னாக."

"என்னன்னு சொன்னீக?"

"செய்யதைத் திரும்பி வரச் சொல்லுன்னேன்."

"காத்துன்னு சொன்னீகளா?"

"அது... சொல்லலையேம்மா. இப்ப லாஞ்சும் வயர்லெஸ்ல கெடைக்க மாட்டேங்குது."

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பெரியபட்டினத்துக்கே கிளம்பிவிட்டேன். போய்ச் சேரும்போது மணல் கண்ணில் அடிக்கிற அளவுக்குக் காற்று ஏறிவிட்டது. லாத்தா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து, காற்றைப் பார்த்துத் திரும்பிய மற்ற வள்ளங்களோடு காக்காவின் வள்ளமும் ஆடிக்கொண்டே வந்தது. இடுப்பளவு தண்ணீரிலேயே குதித்து, காக்கா ஓடிவந்தார். லாத்தாவைப் பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ மவுத்தாப் போயிட்டேன்னுல்ல நெனச்சேன்!"

"நான் என்ன அம்புட்டு லேசாவா போயிருவேன்?" என்றார் லாத்தா.

நடந்தது இதுதான். லாஞ்சுக்காரர் 'செய்யதைத் திரும்பச் சொல்லு' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஏன் என்று பக்கத்து வள்ளத்துக்காரருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூடாதா? மனுஷன் தானாகவே ஒன்றைப் போட்டுக்கொண்டார்: 'வீட்டுல அவசரமாம்.' லாத்தாவை நெஞ்சுவலிக்கு மதுரையில் காட்டிவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. லாத்தா இறந்தேவிட்டார் என்று நினைத்து, கரை வரும் வரைக்கும் காக்கா என்ன பாடு பட்டிருப்பார்!

"தப்பு என்னோடது காக்கா. இனிமே கடல் எதுன்னு தெரியலைன்னா மெசேஜே போகாது. நின்னுரும்" என்றேன்.

காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சரிம்மா. மெசேஜ் வரலைன்னா, அன்னைக்கு நாங்க போறதா, இருக்கறதா?"

அந்தக் கேள்வியோடுதான் ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்து அந்த டீஃபால்ட்டை அழித்தேன். இப்போது மதிப்பு வராவிட்டால், 'நிலவரம் தெரியவில்லை, விசாரிக்காமல் போகாதீர்கள்' என்று ஊருக்குச் செய்தி போகும். கூடவே என் போனில் அலாரம் அலறும்.

இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். அலாரம் அடிக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதா... இல்லை, அலாரத்தை அடிக்கச் சொல்லும் வரியையும் எங்கேயாவது எழுதாமல் விட்டுவிட்டேனா?