விரக்கடை கூடுதல்

சேலைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைப்பது முத்துலட்சுமியின் வேலை. வடக்கு உஸ்மான் சாலைக்குப் பின்புறத் தெருவில், இரண்டாவது மாடி வீட்டில் உட்கார்ந்தபடியே இருபத்தாறு வருஷமாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ‘முத்துலட்சுமி தச்சதுன்னா திருப்பிப் பாக்க வேண்டாம்’ என்று தி. நகர் கடைக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டும், அது அவள் உழைத்துச் சம்பாதித்தது.

அவளுடைய தையல் டப்பாவில் ஊசிக்கும் நூலுக்கும் நடுவே எப்போதும் பாதியாக உடைத்த பிளேடு ஒன்று கிடக்கும். தையலைப் பிரிக்க. கோணல் தையல் எதைக் கண்டாலும் அவள் கைக்கு அரிப்பெடுத்துவிடும். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரின் சட்டைக் காலர் கோணலாக இருந்தால்கூட இறங்குகிற வரை அதையே பார்த்துக்கொண்டு வருவாள்.

கணவர் இசக்கிமுத்து வேறு ஜாதி மனுஷன். அதாவது, குணத்தில். இருவரும் சாத்தான்குளம் பக்கத்து ஆட்கள்தான். அவர் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில், சட்டைத்துணி கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் நின்றவர். மீட்டர் கோலை வைத்து அளப்பார். அளந்து முடித்த இடத்தில் விரலை வைத்து இன்னொரு விரக்கடை, அதாவது ஒரு விரல் அகலம், தள்ளுவார். அங்கேதான் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு. அப்புறம் சர்ரென்று ஒரே இழுப்பு. துணி நூல் பிடித்தாற்போல நேராகக் கிழியும். முதலாளி ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டதற்கு, “தொவைச்சா சுருங்கும் மொதலாளி. பிள்ளைக்குச் சட்டை பத்தாமப் போயிரக் கூடாதுல்லா” என்றாராம். கவுண்டருக்கு மேலே ‘வெட்டிய துணி திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பலகை தொங்கியது. அதனால்தான் வெட்டும்போதே கொஞ்சம் தாராளமாக வெட்ட வேண்டும் என்பது அவர் கட்சி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாதம், வேலைக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து சீப்பு விழுந்தது. எடுக்கக் குனிந்தார், அவரும் விழுந்தார். பக்கவாதம். நடை மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

வாரம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் சிம்ரா, சின்னப் பெண்ணானாலும் கறாரானவள். பந்தைப் பிடித்து அமுக்கச் சொன்னாள். அவர் இரண்டு நாள் அமுக்கிவிட்டுப் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். “அங்கிளுக்கு எது பிடிக்குமோ அதைக் குடுங்க ஆன்ட்டி. கை தானா வரும்” என்றாள் சிம்ரா.

அந்தச் சமயத்தில்தான் மகள் லாவண்யா போர்வைப் பேச்சை எடுத்தாள். தரமணியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை டெல்லிப் பக்கம் குர்கானுக்கு மாற்றியிருந்தார்கள். பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் கிளம்ப வேண்டும். அங்கே அப்போது எலும்புக்குள் இறங்கும் குளிர். போனில் ஒரு படத்தைக் காட்டினாள்: சதுரம் சதுரமாகத் துண்டுத்துணிகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்துத் தைத்த குவில்ட். “இதே மாதிரி நீ தச்சுக் குடேன்மா.”

முத்துலட்சுமி அதுவரை குவில்ட் தைத்ததில்லை. போனில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். பாஷை பாதி புரியவில்லை, கை புரிந்தது. நான்கு சதுரங்களின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும் என்று அந்த அம்மாள் விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள். முத்துலட்சுமிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. முதலில் சேர்த்த நாலு துண்டு நடுவில் அப்பளம் போல உப்பிக்கொண்டது. பிரித்தாள். இரண்டாவதும் உப்பியது. பிரித்தாள். மூன்றாவதில் மூலைகள் பொருந்தின. அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

துணி கடையிலிருந்தே வந்தது. இசக்கிமுத்துவோடு வேலை பார்த்த அன்வர் பாஷா ஒரு பை நிறைய வெட்டுத்துண்டுகள் கொடுத்தனுப்பினார். பையைத் திறந்ததும் இசக்கிமுத்துவின் முகமே மாறிவிட்டது. ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். வலது கையை மேஜையில் துணிமேல் பாரமாக வைத்து, இடது கையால் சாண் போட்டு, கத்தரியால் வெட்டி, சர்ரென்று ஒரு இழுப்பு. ஒன்றரை வருஷம் கழித்து அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. முத்துலட்சுமி அடுப்படியில் நின்று அழுதாள்.

அப்புறம்தான் துண்டை எடுத்து அளந்து பார்த்தாள். ஒரு சாண், அதற்கு மேல் ஒரு விரக்கடை.

“ஏங்க, சரியா ஒரு சாண் போதும்.”

“பத்தாமப் போயிட்டா என்ன செய்வ? கூட இருந்தா உள்ள மடிச்சிக்கிடலாம்லா” என்றார் அவர்.

எத்தனை சொன்னாலும் விரல் தானாகத் தள்ளியது. சிம்ரா சொன்னபடி தடித்த ஊசியை வலது கையில் பிடித்து அவரே தைக்கவும் தொடங்கினார். காலை முழுக்க உட்கார்ந்தால் ஒரு துண்டு சேரும், மிஞ்சினால் இரண்டு. ஏழு துண்டு சேர்ந்தால் ஒரு வரிசை. தையல் ஒன்று நெல் அளவு, ஒன்று புளியங்கொட்டை அளவு. ஓடிய பாதை கோணல் மாணல்.

மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு அவர் படுத்ததும் முத்துலட்சுமி பிளேடை எடுத்தாள். பிரித்தாள். கூடுதலாக இருந்த விரக்கடையை நறுக்கினாள். அவர் தைத்த அதே நிற நூலில், அதே கைத்தையலில், எறும்பு வரிசை போலத் தைத்து, மடித்து, அடுக்கில் வைத்தாள். அவர் எழுந்திருப்பதற்குள் காபி போட்டுவிட்டாள். ‘லாவண்யா அந்த ஊர்ல நாலு பேர் பாக்க விரிப்பா. அசிங்கமா இருக்கக் கூடாது’ என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். முதல் நாள் உறுத்தியது. இரண்டாம் நாளும் உறுத்தியது. மூன்றாம் நாள், சொன்னால் வெட்கக்கேடு, பழகிவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து அவர் தன் அடுக்கிலிருந்து ஒரு வரிசையை உருவிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

“ஏளா, கை தேறிட்டு வருது பாத்தியா? தைக்கும்போது கோணலாத் தெரியுது. மறுநா பாத்தா நேரா இருக்கு.”

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்னது “ஆமாங்க” என்பது மட்டும்தான்.

அதன்பிறகு அவர் காலையில் அவளுக்கு முன்னாலேயே எழுந்து ஊசி கேட்டார். சிம்ராவிடம் காட்டினார். சிம்ரா கை தட்டி, போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பாராட்டும் முத்துலட்சுமியின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. ஆனால் இப்போது எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் கோணல் தெரியும். கோணல் தெரிந்தால் எல்லாம் தெரியும். அதனால் மத்தியானம்தோறும் இன்னும் கவனமாகப் பிரித்தாள். நறுக்கின ஓரங்களைத் தூக்கிப்போட மட்டும் மனசு வரவில்லை. ஒரு கேரிபேக்கில் சேர்த்து மிஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

ஒன்பது வரிசை முடிந்தது. அவற்றை முத்துலட்சுமி மிஷினில் ஒன்றாகச் சேர்த்திருந்தாள். பத்தாவது ஒன்றுதான் பாக்கி. பொங்கலுக்கு மறுநாள், லாவண்யா லீவில் வீட்டில் இருந்தாள். இசக்கிமுத்து போர்வையை அவள் மடியில் விரித்தார்.

“ஏட்டி, இதுல ஒரு விசேசம் இருக்கு. கடையில வாங்குனா கிடைக்காது. ஒவ்வொரு துண்டும் ஒரு சாணுக்கு மேல விரக்கடை கூட. தையலுக்குள்ள போனது போக இப்ப சரியா ஒரு சாண் நிக்கும். உங்கப்பன் கை அளவு. பாரு.”

இடது கையை அகல விரித்து ஒரு சதுரத்தின்மேல் வைத்தார். பெருவிரல் ஒரு தையலில் இருந்தது. சுண்டுவிரல் எதிர்த் தையலைத் தாண்டி அடுத்த சதுரத்துக்குள் விழுந்தது. அடுத்ததில் வைத்தார். அதிலும் அப்படியே. மூன்றாவதில் வைத்தார்.

“விரக்கடையக் காணுமே” என்றார்.

இருபத்தெட்டு வருஷம் துணியை அளந்த கைக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரம் வரை போய், போர்வையை மடித்தார்.

“நல்லா இருக்கு. கடைச்சரக்கு மாதிரியே இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போனார்.

லாவண்யா அடுப்படிக்கு வந்தாள். “என் கர்ச்சீஃப் மாதிரியாம்மா?”

முத்துலட்சுமிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஏழாம் வகுப்பில் லாவண்யா பள்ளிக்கூடத்துக்காகக் கைக்குட்டையில் ஒரு பூ தைத்தாள். இதழ்கள் இழுத்துப் பிடித்தாற்போல இருந்தன. பிள்ளை தூங்கும்போது அதைப் பிரித்துத் தைத்து வைத்தது இவள். முதல் பரிசு வந்தது. அதிலிருந்து லாவண்யா ஊசியைத் தொட்டதில்லை. பட்டன் அறுந்தால்கூட அம்மாவிடம்தான் நீட்டுவாள். பெண்ணுக்குச் சோம்பல் என்றுதான் முத்துலட்சுமி பதினைந்து வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“நான் போட்டது எனக்குத் தெரியாதாம்மா?” என்று கேட்டுவிட்டுத் தட்டுகளைக் கழுவப் போனாள் லாவண்யா.

அடுத்த நாள் அவர் ஊசி கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்த சிம்ரா அவர் விரல்களை மடக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“பிடி தளர்ந்திருக்கே. அங்கிள் தையல் போடலியா?”

“கை வலிக்குன்னாங்க. நாந்தான் ரெண்டு நாள் வேண்டாம்னேன்” என்றாள் முத்துலட்சுமி.

பொய் தானாக வாயில் வந்து நின்றது. இசக்கிமுத்து அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “ஆமாம்மா, வலிதான்” என்று சிம்ராவிடம் சொன்னார். காட்டிக்கொடுக்காமல் அவர் சேர்ந்து பொய் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். பழக்கப்பட்ட விஷயம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை கேரிபேக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தாள்.

“எல்லாம் நாந்தான் வெட்டுனேன். தையலையும் நாந்தான் பிரிச்சேன். ஒருநா இல்ல, ஒவ்வொரு நாளும். நீங்க கை தேறுதுன்னு சந்தோசப்பட்டீங்க. அதையும் பாத்துக்கிட்டுத்தான் செஞ்சேன்” என்றாள். அழக் கூடாது என்றுதான் வந்திருந்தாள். முடியவில்லை.

அவர் பைக்குள் கையை விட்டு ஒரு ஓரத்தை எடுத்து விரல்மேல் வைத்துப் பார்த்தார். கோடு போட்ட நீலத்துணி. விரல் அகலத்தைவிட ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“சரியாத்தான் வெட்டிருக்க” என்றார். அதைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, “நம்ம கவுண்டருக்கு மேல ஒரு போர்டு தொங்குமே, என்ன எழுதிருக்கும்?”

அவளுக்குத் தெரியும். “வெட்டிய துணி திரும்பப் பெறப்பட மாட்டாது.”

அவர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

“கடைசி வரிசை இருக்குங்க. நீங்க போடுங்க. சத்தியமா நான் தொட மாட்டேன்.”

“அவ அந்த ஊர்ல நாலு பேர் பாக்க விரிப்பா. அசிங்கமா இருக்கும்ளா.”

அவள் மனசுக்குள் மட்டுமே சொல்லிக்கொண்ட வார்த்தைகள் அப்படியே அவர் வாயிலிருந்து வந்தன. முத்துலட்சுமி எழுந்து போய், தையல் டப்பாவிலிருந்த அரை பிளேடை எடுத்து, காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். தடித்த ஊசியில் நூல் கோத்துக் கொண்டுவந்து அவர் வலது கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். லாவண்யா அன்வர் பாஷாவின் பையைக் கொண்டுவந்து தலைகீழாகக் கவிழ்த்தாள்.

அவர் சாண் போட்டார். விரல் தள்ளியது. துணி சர்ரென்று கிழிந்தது. ஏழு துண்டு, ஏழும் விரக்கடை கூடுதல். அந்த வரிசையைச் சேர்த்தால் மற்ற ஒன்பதைவிட நீண்டு, போர்வையின் கால்மாட்டில் பாவாடை ஓரம் போலச் சுருங்கிக்கொண்டு நிற்கும். மூலைகள் சந்திக்காது. அது அவளுக்குத் தெரியும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

முதல் இரண்டு துண்டுகளைச் சேர்க்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நெல் அளவில் ஒரு தையல், புளியங்கொட்டை அளவில் ஒன்று. முடிச்சுப் போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துணியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை அவள் பக்கம் நீட்டினார்.

“பிரிச்சிரட்டுமா?” என்று கேட்டார்.

முதலாளியே கேட்டபோதும் தன் அளவை மாற்றிக்கொள்ளாத மனுஷன் அவர். இந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யாரென்று முத்துலட்சுமிக்கு நன்றாகத் தெரிந்தது.

“வேண்டாங்க. நல்லா இருக்கு” என்றாள்.

அவர் மூன்றாவது துண்டை எடுத்தார். தைத்து முடித்ததும் அவள் பக்கம் நீட்டி மறுபடியும் அதையே கேட்டார். நாலாவதற்கும் கேட்டார். கடைசித் துண்டு வரை ஒவ்வொன்றுக்கும் கேட்டார். அவளும் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.